மலிவு வைனுக்கு ஒரு வக்காலத்து

பாரிஸில் நான் பின்னேர வேலை செய்த ரெஸ்ரோரன்டில் ஒருநாள், வைன் ஊத்திக் குடுக்கிறவர் ஒரு கிளாஸை என்னிடம் நீட்டி, என்ன வாசம் வருகுது என்று கேட்டார். எனக்கு உடனே பிடிபட்டது. நாவற்பழம். அதுவும் மரத்தடியில் விழுந்து, ஆரோ மிதித்து, கொஞ்சம் நசிந்துபோன நாவற்பழம். ஆனால் பிரெஞ்சில் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. "தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் "கஸ்ஸிஸ்" என்றார். நானும் கொப்பியில் கஸ்ஸிஸ் என்று எழுதிவைத்தேன். அந்தப் பழத்தை அதுவரைக்கும் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

அந்தத் "தெரியாது" கனநாளாக உறுத்திக்கொண்டு இருந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று ஏன் சொன்னேன்? வைன் பற்றி எழுதப்படுகிற ஆயிரம் கட்டுரைகளும் கறுப்பு கரண்ட், சிடார் மரம், ஈரமான காட்டு நிலம் என்று போகின்றன. அதெல்லாம் அவையின்ர வீட்டுப் பின்வளவில் உள்ள சாமான். எங்கட பின்வளவில் நாவலும் நெல்லியும் புளியும் நிற்கிறது. மூக்கு அதைத்தான் படித்து வளர்ந்திருக்கு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று விளங்க எனக்கு மூன்று வருசம் எடுத்தது. விளங்கின பிறகு நான் செய்த முதல் வேலை, பெயர் பார்த்து வாங்குவதை நிப்பாட்டினதுதான்.

பெயர் என்று சொன்னால் முதலில் போர்தோ. எங்கட சனத்துக்கு பாரிஸில் ஆரையாவது மரியாதையாகக் கவனிக்க வேணும் என்றால் ஒன்றில் பெரிய விஸ்கி, இல்லாட்டி ஒரு போர்தோ. அதன் புகழ்பெற்ற தரப்பட்டியல் 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்டது. எப்படிப் போட்டார்கள் தெரியுமா? எந்தத் தோட்டத்து வைன் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துத்தான். கூடின விலைக்குப் போனது முதல் தரம். அந்தப் பட்டியலில் இன்றுவரை பெரிய மாற்றமே இல்லை. 1973இல் ஒரேயொரு தோட்டத்தை இரண்டாம் தரத்தில் இருந்து முதல் தரத்துக்கு ஏற்றினார்கள், அதுதான் பெரிய செய்தி. விலை கூட என்பதால் நல்லது, நல்லது என்பதால் விலை கூட. இந்த வட்டத்துக்கு வெளியில் இருக்கிற ஊர்களின் வைன்தான் எனக்கு வேணும். ஏனென்றால் அங்கே பெயருக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

மாமா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. இருபது வருசம் சமையலறையில் நின்றவர், "பிள்ளை, மலிவில நல்லது கிடைக்காது, அப்பிடிக் கிடைச்சால் அதில ஏதோ பிழை இருக்கு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமி ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்த நாள், நான் நாலு போத்தலைப் பேப்பரால் சுத்தி, ஒன்று இரண்டு என்று இலக்கம் போட்டு மேசையில் வைத்தேன். மாமாவுக்குப் பரிசாக வந்த, முப்பது யூரோவுக்கு மேல் போகிற போர்தோ ஒன்று. ஆறு யூரோவுக்கு வாங்கின கோர்பியேர். ஒரு ஜோர்ஜிய சிவப்பு. கடைசியில் போர்த்துக்கல் வெள்ளை, அதை மறைக்கேலாது, நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஆறு பேர் குடித்துப் பார்த்தோம். நாலு பேர் கோர்பியேரை முதலாவதாகப் போட்டார்கள். அதில் மாமாவும் ஒருவர். பேப்பரைக் கழட்டின உடனே, "நீ போத்தலை மாத்திப்போட்டாய்" என்றார். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுறார்.

நேர்மையாகச் சொன்னால், அந்தச் சோதனை போர்தோவுக்கு நியாயமானது இல்லை. இளம் போர்தோவில் துவர்ப்பு கூட. உறைப்பான கறியோடு துவர்ப்பு கூடின வைன் குடித்தால் நாக்கு இன்னும் எரியும். அதே போத்தலை உறைப்பில்லாத இறைச்சியோடு, நாலைந்து வருசம் கழித்துக் குடித்திருந்தால் கதை மாறியிருக்கலாம். ஆனால் நாங்கள் சாப்பிடுறது எங்கட சாப்பாடு. எங்கட மேசைக்கு எது சரிவருகுது என்பதுதானே கேள்வி? அதோடு எங்கட வீட்டுக் கதை ஒரு தனிக்கதையும் இல்லை. 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மறைத்துக் குடித்த சுவைப்புகளைப் பார்த்தது. பயிற்சி இல்லாத ஆட்கள், விலை தெரியாத இடத்தில், விலை கூடினதைச் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே விரும்பியிருக்கிறார்கள்.

துவர்ப்பு என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேணும். வைன் வகுப்புகளில் டானின் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் எடுப்பார்கள். வாய் காயும், பல் முரசு இறுகும், தேத்தண்ணிச் சாயம் மாதிரி என்று சுத்திச் சுத்திச் சொல்லுவார்கள். எங்களுக்கு அது அறுசுவையில் ஒன்று. பாக்கு மென்றவருக்கும், வாழைப்பூ வறை சாப்பிட்ட பிள்ளைக்கும், காய் நாவலைக் கடித்துப்போட்டு முகத்தைச் சுழித்தவருக்கும் ஒரு விளக்கமும் தேவையில்லை. சிவப்பு வைனை அளக்கிற முக்கியமான அளவுகோல் எங்கட வாயில் ஏற்கெனவே இருக்கு. அதற்குப் பிறகு புளிப்பு எவ்வளவு, இனிப்பு இருக்கா, விழுங்கின பிறகு எவ்வளவு நேரம் நிற்குது என்று பார்த்தால் போதும். மிச்சமெல்லாம் அலங்காரம்.

இனி நான் வாங்கச் சொல்லுறவை.

கோர்பியேர் என்பது பிரான்ஸின் தெற்கில், லாங்தொக் பகுதியில் இருக்கு. லாங்தொக் நாட்டிலேயே மிகப் பெரிய திராட்சை நிலம். ஆனால் நூறு வருசத்துக்கு மேலாக அதற்குக் கெட்ட பெயர்: தொழிலாளிகளுக்கான தண்ணி வைன், லீற்றர் கணக்கில் விற்கிறது. 1907இல் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, சீனி கலந்த கள்ள வைன் சந்தையை நிரப்பின நேரம், அங்கத்தைய தோட்டக்காரர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு இறங்கினார்கள். நார்பொன் நகரில் இராணுவம் சுட்டுச் சனம் செத்தது. உள்ளூர்ப் பெடியள் நிறைந்த 17ஆவது படையணி, தங்கட ஆட்களுக்கு எதிராகப் போக மாட்டோம் என்று கலகம் செய்தது. இந்த வரலாறு ஒரு போத்தல் லேபிளிலும் இருக்காது. இன்றைக்கு அதே இடத்தில் வயதான காரிஞான் கொடிகளில் இருந்து, நாவற்பழமும் மிளகும் காய்ந்த மூலிகையும் மணக்கிற வைன் வருகுது. ஐந்தில் இருந்து எட்டு யூரோ. கோர்பியேர் கிடைக்காட்டி மினெர்வுவா, சன் சினியான். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர். ஆட்டிறைச்சிக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் நன்றாகப் போகும்.

அதே லாங்தொக்கில், கடலேரிக் கரையோரம், பிக்புல் என்று ஒரு வெள்ளை வைன். சிப்பி வளர்க்கிற ஊர்களுக்குப் பக்கத்தில் விளைகிறது. தேசிக்காய்ப் புளி போட்ட மாதிரி ஒரு வெட்டு. பொரித்த கணவாயோடு குடித்துப் பாருங்கோ, வேற ஒன்றும் சொல்ல மாட்டன். கொஞ்சம் மேற்கே லிமூ என்ற இடத்தில் நுரை வைன் செய்கிறார்கள். ஷாம்பெயினுக்கு முந்தியே, 1531இல் இருந்தே நாங்கள் செய்கிறோம் என்பது அந்த ஊராரின் வாதம். விலை ஷாம்பெயினில் மூன்றில் ஒன்றும் வராது. பிறந்தநாளுக்கு ஷாம்பெயின் வாங்கக் கடன்படுகிறவர்கள் கவனிக்கவும்.

போர்த்துக்கலின் வடமேற்கில் இருந்து வருவது வின்ஹோ வெர்தே. பெயரில் பச்சை இருக்கு, வைனில் இல்லை. இளசாகவே குடிக்கிறது என்று அர்த்தம். மதுவின் அளவும் குறைவு, பல போத்தல்களில் ஒன்பதில் இருந்து பதினொரு வீதம் வரைக்கும்தான். நாக்கில் மெல்லிய சுரீர். எனக்கு இதைக் குடித்த முதல் நாள் காலமைக் கள்ளுதான் நினைவுக்கு வந்தது, பிளாவில் வார்த்து, நுரை அடங்க முந்திக் குடிக்கிற கள்ளு. பாரிஸில் போர்த்துக்கீசச் சனம் நிறைய, அவையின்ர கடைகளில் நாலைந்து யூரோவுக்கே கிடைக்கும். பழசாக வைக்காதேங்கோ, போன வருச அறுவடையைத் தேடி வாங்குங்கோ.

ஜோர்ஜியாதான் கொஞ்சம் விலை கூட, பத்துப் பன்னிரண்டு யூரோ. ஆனால் கொடுக்கலாம். உலகத்தில் வைன் செய்ததற்கான ஆகப் பழைய தடயங்களில் ஒன்று, ஏறத்தாழ 8000 வருசம் பழைய பானை ஓடுகளில் அங்கேதான் கிடைத்தது. இன்னும் பெரிய மண்தாழிகளை நிலத்தில் புதைத்து, அதுக்குள்ளே திராட்சையைத் தோலோடும் விதையோடும் போட்டுப் புளிக்க விடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கத்தைய சிவப்புத் திராட்சை சப்பெராவி. பெயருக்கே சாயம் என்று பொருள், ஏனென்றால் தோல் மட்டுமில்லை, சதையும் சிவப்பு. குடித்து முடியக் கண்ணாடியில் பல்லைப் பாருங்கோ: பள்ளிக்கூடம் விட்டு வாறபோது நாவல் பொறுக்கித் தின்று அம்மாவிடம் பிடிபட்ட அதே நிறம். ஜோர்ஜிய வைனின் பெரும் சந்தை ரஷ்யாவாக இருந்தது. 2006இல் ரஷ்யா இறக்குமதியைத் தடை செய்தது, 2013 மட்டும் திறக்கவில்லை. அந்த ஏழு வருசம் அவர்கள் வேறு நாடுகளுக்கு விற்க வேண்டி வந்தது, அதற்காகத் தரத்தையும் ஏற்ற வேண்டி வந்தது. மோல்டோவாவுக்கும் அதே தடை, அதே அலைச்சல். மோல்டோவா வைன் நான் இரண்டுதான் குடித்திருக்கிறன், இரண்டும் விலைக்கு மேலால நல்லது.

மண்தாழியைப் பார்க்கிறபோது எனக்கு ஒரு கோபம் வரும். மண்பாத்திரத்தில், காத்தில் இருக்கிற இயற்கையான நொதியில் தானாகப் புளிக்கிற பானம் என்று ஐரோப்பாவில் இதைக் கொண்டாடுகிறார்கள். முட்டியில் புளிக்கிற எங்கட பனங்கள்ளும் அதே கதைதான். ஆனால் தவறணைக்குப் போறவனைப் பற்றி நாங்கள் கதைக்கிற விதம் என்ன? மரமேறுகிற ஆளின் சாதியை வைத்துத்தான் அந்தப் பானத்தின் மரியாதையை முடிவு செய்தோம். கொழும்பில் போர்தோ கிளாஸைச் சுழட்டுகிற அதே வாய் கள்ளு என்றால் முகம் சுழிக்கிறதை நான் நேரில் பார்த்திருக்கிறன். 1855இல் போட்ட பட்டியல் மாதிரி எங்களிடமும் ஒன்று இருக்கு, எழுதாத பட்டியல்.

"குடியால அழியிற சனத்துக்கு நீ வைன் விக்கப் போறியோ?" என்று அண்ணா கேட்டான். நியாயமான கேள்வி. எங்கட ஒழுங்கையிலேயே கசிப்பால் போன வீடு இரண்டு இருக்கு. வைன் உடம்புக்கு நல்லது என்ற கதையையும் நம்பாதேங்கோ. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குடிக்காத ஆளை நான் குடிக்கச் சொல்லவில்லை, 21 வயதாகாத ஆள் இந்தப் பக்கத்தை மூடலாம். குடிக்கிற ஆள் வெறிக்காக இல்லாமல் ருசிக்காக, சாப்பாட்டோடு, ஒரு கிளாஸோடு நிற்கட்டும், அதற்கும் தன்ர சம்பளத்தைத் தொலைக்காமல் இருக்கட்டும் என்பதுதான் என்ர பக்கம். ருசி பார்க்க விழுங்கவே தேவையில்லை. தொழிலாகச் செய்கிறவர்கள் துப்பித்தான் பார்க்கிறார்கள். அண்ணாவுக்கு இன்னொரு குறையும் இருக்கு, ஒரு பொம்பிளைப் பிள்ளை இதை எழுதுறது. 1979இல் போட்ட, பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது என்ற விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி திரும்பப் பெறச் சொன்ன நாடு இது. அண்ணாவைத் தனியக் குறை சொல்லி என்ன செய்ய.

இங்கே நிலைமை வேறு. வரி சேர, பாரிஸில் ஆறு யூரோ போத்தல் கொழும்புக்கு வந்தால் அடையாளமே தெரியாது. நான் மேலே சொன்னவற்றில் பல இங்கே கண்ணில் படவும் மாட்டாது. கடைத் தட்டில் நிற்பது பெரும்பாலும் அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா. அதுக்குள்ளே தேடுங்கோ. தென்னாபிரிக்காவின் ஷெனன் பிளான் மீன் தீயலுக்கும் இறால் பொரியலுக்கும் பொருத்தம். சிலியின் கார்மெனேர் கொஞ்சம் மிளகுச்சாடை அடிக்கும். அதை 1994 மட்டும் மெர்லோ என்று நினைத்துத்தான் சிலிக்காரர்கள் வளர்த்தார்கள், அதனால் பெயர் பெருக்காத திராட்சை. திருகு மூடி போத்தலைக் குறைவாக நினைக்காதேங்கோ, மூடிக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை. தங்கப் பதக்க ஸ்டிக்கரை நான் பார்க்கிறதே இல்லை.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேணும் என்று எல்லா இடமும் எழுதியிருக்கும். அது பதினாறு பதினெட்டு பாகை இருக்கிற அறை. யாழ்ப்பாணத்துச் சித்திரை மாத அறை இல்லை. அரைமணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுங்கோ, இல்லாட்டி எந்த நல்ல வைனும் சூடான இருமல் மருந்து மாதிரித்தான் இருக்கும். நீட்டுக்கால் கிளாஸ் இல்லாட்டிப் பரவாயில்லை, தேத்தண்ணிக் கிளாஸ் போதும். சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், நிறம் தெரியாது.

போன மாதம் மாமா பாரிஸில் இருந்து எடுத்தார். ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டு முடிச்சு, வைக்கப்போற நேரம் குரலைத் தணிச்சு, "பிள்ளை, அண்டைக்கு இரண்டாம் நம்பர் போத்தல், அதின்ர பேர் என்ன?" என்றார்.