பந்தை அடிக்க முடியாவிட்டால் ஓர் அடி தண்டம்!

கோல்ப் ஆட்டத்தில் சிறிய பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் போட வேண்டும். குறைந்த அடிகளில் போட்டு முடிப்பவருக்கே வெற்றி.

பந்து அடிக்க முடியாத இடத்தில் போய் விழுந்தால் என்ன செய்வது?

2017-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. பிர்க்டேல் மைதானத்தில் "ஓப்பன்" கோப்பைக்கான கடைசி நாள் ஆட்டம். அமெரிக்க வீரர்கள் ஜோர்டான் ஸ்பீத், மாட் கூச்சார் இருவரும் சமமாக இருந்தார்கள். 13-வது குழிக்கு ஸ்பீத் அடித்த பந்து வெகுதூரம் விலகி, மணல் மேட்டுச் சரிவில் அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது.

அதை ஆட முடியாது என்று ஸ்பீத் அறிவித்தார்.

இப்படி அறிவிக்க நடுவரின் அனுமதி தேவை இல்லை. முடியுமா, முடியாதா என்று தீர்மானிப்பவர் ஆட்டக்காரரே. (தண்ணீரில் விழுந்தால் வேறு விதி.) ஆனால் சும்மா விட மாட்டார்கள். கணக்கில் ஓர் அடி கூடும்!

தண்டத்தை ஏற்றவர், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். அல்லது பந்து கிடந்த இடத்தில் இருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல் பந்தைக் கீழே விட்டு ஆடலாம். இல்லாவிட்டால் குழி, பந்து இரண்டையும் சேர்க்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். பந்தை அப்போது தோள் உயரத்தில் இருந்து விட வேண்டும். 2019 முதல் முழங்கால் உயரம் போதும்.

ஸ்பீத் பின்னால் போனார். போய்க்கொண்டே இருந்தார். பயிற்சி மைதானத்துக்கே போய் விட்டார்! அதுவும் ஆட்ட எல்லைக்குள்தான் இருந்தது. அங்கே மட்டைக் கம்பெனிகளின் லாரிகள் வழியை மறித்தன. அதற்காகப் பந்தை விலக்கி வைக்கத் தண்டம் கிடையாது. லாரியை நிறுத்தியது ஆட்டக்காரர் அல்லவே! பந்தைப் புல்லுக்குள் அடித்தது அவரே, அதற்குத்தான் தண்டம்.

இதற்குள் சுமார் 20 நிமிடம் ஓடி விட்டது. பாவம், கூச்சார் காத்துக்கொண்டே நின்றார்.

ஸ்பீத் குறுக்கு வழியில் தப்பினார் என்று சொல்வது சரி அல்ல. அடித்தது ஒன்று, தண்டம் ஒன்று. அடுத்தது மூன்றாவது அடி ஆயிற்று. 4 அடிகளில் முடிக்க வேண்டிய குழியை அவர் 5 அடிகளில் முடித்தார். கூச்சார் ஓர் அடி முந்தி விட்டார். புல்லோடு மல்லுக்கட்டி இருந்தால் இன்னும் எத்தனை அடிகள் போயிருக்குமோ!

அடுத்த 4 குழிகளில் ஸ்பீத் 5 அடிகளை மிச்சப்படுத்தினார். 3 அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கே கிடைத்தது.