பென் டிரைவை அழிக்க அவசரம் ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துடன் சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கானவர்கள்!

கம்ப்யூட்டரும் சைக்கிள் போலத்தான். பயந்தால் பழக முடியாது.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோசுடன் "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

லினக்சில் பென் டிரைவைச் செருகினால் தானாகத் திறக்கும். சில சமயம் திறக்காது. உடனே "கெட்டுவிட்டது" என்று பார்மட் செய்கிறார்கள். பாடக் குறிப்பும் கல்யாணப் போட்டோவும் போயே போய்விடும்!

கதவு திறக்கவில்லை என்றால் வீட்டையா இடிப்பது?

முதலில் வேறு துளையில் செருக வேண்டும். பிறகு "டிஸ்க்ஸ்" என்ற புரோகிராமைத் திறக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பென் டிரைவ் தெரிகிறதா? பெரும்பாலும் பயமில்லை. அங்குள்ள முக்கோணப் பொத்தானை அழுத்தினால் திறக்கலாம்.

அப்படியும் திறக்கவில்லையா? பெரிய பென் டிரைவ்களில் "எக்ஸ்பேட்" என்ற அமைப்பு இருக்கும். 2019-ல் வந்த லினக்ஸ் 5.4-க்கு முந்தியவற்றில் அதற்குத் தனி மென்பொருள் போட வேண்டும். விண்டோசில் முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கியிருந்தாலும் லினக்ஸ் திறக்க மறுக்கலாம். விண்டோசில் மீண்டும் செருகி, முறைப்படி எடுத்தால் பல நேரம் சரியாகும்.

லேப்டாப் கொடுத்தது நல்ல காரியம். இந்தச் சின்ன வைத்தியத்தையும் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றவர், கழன்ற செயினை மாட்டவும் கற்க வேண்டாமா?