கிக்பாக்சிங் அங்கீகார மனுவில் நான் ஏன் கையெழுத்து போடலை

த்ரெட் கொஞ்சம் நீளம். நைட் டூட்டிக்கு முன்னாடி உட்கார்ந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

போன வாரம் ஒரு கிக்பாக்சிங் மாஸ்டர் வாட்ஸ்அப்பில் ஒரு மனு அனுப்பினார். "அமெச்சூர் கிக்பாக்சிங்குக்கு இன்னும் பரவலான அங்கீகாரம் வேணும், பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் சேர்க்கணும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மற்ற விளையாட்டுக்குச் சமமா பார்க்கணும்" என்பது சாரம். டாக்டர்கள் சிலரின் கையெழுத்து இருந்தா எடுபடும்னு கேட்டார். நான் போடலை. "நீங்க விளையாட்டுக்கே எதிரியா சார்?"னு கேட்டார். இல்லீங்க. ஆனா அதுக்கான பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். அப்பதான் மத்தவங்களைப் பேச எனக்கு யோக்கியதை.

சில வருஷம் முன்னாடி, வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு "டாக்டரா வந்து உட்காருங்க சார், போதும்"னு கூப்பிட்டாங்க. கல்யாண மண்டபம். மேடையில சால்வை, சந்தன மாலை. கீழே எழுபது சொச்சம் பசங்க வரிசையில நிக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் பிபி பார்த்து, ஸ்டெத் வெச்சு, "ஃபிட்"னு எழுதிக் கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சுட்டேன். கணக்கு போட்டுப் பாருங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட இல்லை. "போன மாசம் தலையில அடிபட்டுச்சா? மயக்கம் வந்துச்சா?"ன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்கலை.

மதியம் ஒரு பையன், பதினெட்டு இருக்கும், தலையில உதை வாங்கி விழுந்தான். ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சார். எட்டுக்குள்ள எழுந்துட்டான். என்னைப் பார்த்தாங்க. டார்ச் அடிச்சேன், கண் பாப்பா ரெண்டும் சமம். பேர் கேட்டேன், சொன்னான். "ஓகேவா டாக்டர்?" முந்நூறு பேர் விசில் அடிக்கிறாங்க. நான் தலையாட்டினேன். அவன் அடுத்த ரவுண்டும் ஆடினான், இன்னும் ரெண்டு உதை வாங்கினான், தோத்தான், சான்றிதழ் வாங்கிட்டுப் போனான்.

ராத்திரி எட்டு மணிக்கு வாந்தி. பக்கத்துல இருந்த அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏ.ஆர். என்ட்ரியில என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது." கூட வந்த பயிற்சியாளர் சொன்னது அது. டூட்டியில இருந்தவர் என் பேட்ச்மேட், அவர் பேச்சுவாக்குல சொன்னப்பதான் எனக்கே தெரியும். சிடியில் சின்ன ரத்தக்கசிவு. ஆபரேஷன் தேவைப்படலை, சில நாள் வார்டில் வெச்சுப் பார்த்து அனுப்பினாங்க. பிழைச்சுட்டான். அதுல என் திறமை ஒண்ணும் இல்லை.

நான் நியூரோசர்ஜன் கிடையாது, வெறும் எம்பிபிஎஸ். ஆனா இதைப் புரிஞ்சுக்க எம்பிபிஎஸ்ஸே போதும். தூக்குவாளியில தயிர் எடுத்துட்டு சைக்கிள்ல போறீங்க, சடார்னு பிரேக் பிடிக்கிறீங்க. வாளிக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள இருக்கிற தயிர் உடைஞ்சு போயிருக்கும். தலை திடீர்னு திரும்பும்போது மூளைக்கும் அதேதான். மூளையின் மேற்பரப்பிலிருந்து அதைச் சுற்றியிருக்கிற உறைக்குப் போற மெல்லிய சிரைகள் இழுபட்டுக் கிழியலாம். ரத்தம் மெதுவா கசியும். முதல் கொஞ்ச நேரம், சில சமயம் மணிக்கணக்கில, ஆள் நல்லா பேசுவான், நடப்பான், செல்ஃபி எடுப்பான். அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கம், பிறகு எழுப்ப முடியாது.

"ஹெட்கார்டு போட்டிருக்கான் டாக்டர்"னு சொல்வாங்க. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், எலும்பு உடையறதைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்கறதை நிறுத்தும்னு நம்பி ஏமாறாதீங்க. குத்துச்சண்டையில 2013-க்குப் பிறகு உயர்நிலை ஆண்கள் பிரிவில் ஹெட்கார்டையே எடுத்துட்டாங்க, 2016 ரியோ ஒலிம்பிக்கில் அது இல்லாமத்தான் ஆடினாங்க. எடுத்தது சரியா தப்பான்னு இன்னும் சண்டை ஓடுது, அது வேற கதை.

மூளை அதிர்ச்சியைப் பரிசோதிக்க ஸ்காட்-6னு ஒரு முறை இருக்கு. சரியா செய்யணும்னா குறைஞ்சது 10 முதல் 15 நிமிஷம் ஆகும். அமெச்சூர் கிக்பாக்சிங்கில் ரவுண்டு 2 நிமிஷம், இடைவேளை 1 நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துல டார்ச் அடிச்சு "ஓகே" சொல்ற எந்த டாக்டரும் ஊகம்தான் பண்றார். சந்தேகம்னா இறக்கிடணும். நான் இறக்கலை.

இப்ப அங்கீகாரத்துக்கு வருவோம். போஸ்டர்ல "ஒலிம்பிக் அங்கீகாரம் பெற்ற விளையாட்டு"ன்னு போடுறாங்க. பொய் இல்லை, ஆனா முழு உண்மையும் இல்லை. உலக அமைப்பான வாகோவுக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் தற்காலிக அங்கீகாரம், 2021-ல் முழு அங்கீகாரம் கொடுத்தது. 2023 ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியிலும் கிக்பாக்சிங் இருந்தது. ஆனா அங்கீகாரம் வேற, ஒலிம்பிக்கில் நடக்கிறது வேற. 2028 லாஸ் ஏஞ்சல்சுக்குப் புதுசா சேர்த்த பட்டியலில் கிரிக்கெட் இருக்கு, ஸ்குவாஷ் இருக்கு, கிக்பாக்சிங் இல்லை. "உங்க பையன் 2028-ல் ஒலிம்பிக் போவான்"னு சொல்லி ஃபீஸ் வாங்கற ஆளை என்னன்னு சொல்றது?

கொடுத்த அங்கீகாரத்தைத் திருப்பி வாங்கவும் செய்வாங்க. 1904-லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிற குத்துச்சண்டையோட உலக அமைப்புக்கே, நிர்வாகச் சீர்கேடுகளைச் சொல்லி, 2023 ஜூனில் அங்கீகாரத்தைப் பறிச்சாங்க.

அடுத்து, பெற்றோர் கேட்கிற கேள்வி: "சேர்க்கலாமா சார்?" எதுலன்னு பதிலுக்குக் கேளுங்க. கிக்பாக்சிங்னு ஒரே பேர்ல பல விளையாட்டு ஓடுது. தடாமி, அதாவது மேட் மேல ஆடற பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட்: இதுல பலமா அடிச்சாலே தண்டனை. ரிங் உள்ள ஆடற ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1: இங்க நாக்-அவுட் பண்ணா ஜெயிப்பு. சர்வதேச விதிப்படி சின்னப் பசங்களுக்குத் தடாமி மட்டும்தான். ஆனா நம்ம ஊர் ரீல்ஸில் பன்னிரண்டு வயசுப் பையன் ரிங்கில உதை வாங்குறதுக்கு "சிங்கக்குட்டி"ன்னு கமென்ட் ஓடுது. மனுவில் இந்த வித்தியாசம் பத்தி ஒரு வரி கூட இல்லை.

2022-ல் நடந்ததை ஞாபகப்படுத்துறேன். ஜூலையில் பெங்களூருவில் ஒரு கே-1 போட்டியில் அடிபட்டு மைசூரு பையன் ஒருத்தர் இறந்தார். போட்டி நடந்த இடத்துல போதுமான மருத்துவ ஏற்பாடு இல்லைன்னு குடும்பம் குற்றம் சாட்டியது. அடுத்த மாசமே நம்ம சென்னையில், அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த வீரர் ஒருத்தர் தலைக்காயத்தால் இறந்தார். அது கல்யாண மண்டபப் போட்டி இல்லை, தேசிய சாம்பியன்ஷிப். ரெண்டு பேருக்கும் இருபது சொச்சம் வயசு. யார் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்ல நான் யாரும் இல்லை. ஆனா "அங்கீகாரம் வந்தா பாதுகாப்பு தானா வரும்"னு மாஸ்டர் சொன்னப்ப எனக்கு இந்த ரெண்டு வீடும்தான் ஞாபகம் வந்துச்சு.

விதி இல்லாமயா? இருக்கு. தலையில அடி வாங்கி நாக்-அவுட் ஆனவன் குறைஞ்சது நாலு வாரம் ஆடக்கூடாது, ஸ்பாரிங் கூட கூடாது. மூணு மாசத்துல ரெண்டாவது தடவைன்னா மூணு மாசம் ஓய்வு. நல்ல விதி. ஆனா இங்க எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஒரு சங்கத்தோட போட்டியில சேலத்துல விழுந்தவன், அடுத்த ஞாயிறு வேற சங்கத்தோட போட்டியில ஈரோட்டுல ஏறுவான். இந்தச் சங்கத்துக்கும் அந்தச் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ரெண்டு பேரும் "மாநில சாம்பியன்ஷிப்"னு போடுவாங்க, ரெண்டு பேரும் மெடல் கொடுப்பாங்க. பையனோட மூளைக்கு எந்த சங்கம்னு தெரியாதே!

முதல் அதிர்ச்சி ஆறாம இருக்கும்போது வாங்கற ரெண்டாவது அடி, சின்ன அடியா இருந்தாலும், மூளையை வீங்க வெச்சு ஆளைக் கொல்லலாம். அபூர்வம்தான். வந்தா பிழைக்கறது கஷ்டம்.

எடை குறைப்பு இன்னொரு அசிங்கம். போட்டிக்கு முந்தின நாள் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடறது, தண்ணி குடிக்காம எச்சில் துப்பறது, எங்ககிட்டயே வந்து "நீர் பிரியற மாத்திரை" கேட்கறது. நூறு கிராமுக்காக வினேஷ் போகத் பாரிஸில் என்ன பாடுபட்டாங்கன்னு நாடே பார்த்துச்சு. அவங்க கூட ஒரு டாக்டர் படையே இருந்தது. இங்க பத்தொன்பது வயசுப் பையன் யூடியூப் பார்த்துத் தனியா பண்றான். 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூணு பேர் சுமார் ஒரு மாசத்துக்குள்ள இப்படி எடை குறைக்கப் போய் செத்தாங்க. அதுக்கப்புறம் அங்க வியர்வை உடை, சானா எல்லாத்துக்கும் தடை, எடை பார்க்கற நேரத்தைப் போட்டிக்குப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. மூணு சாவுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

"அப்ப தடை பண்ணிடலாமே?"ன்னு கேட்கறவங்களுக்கு: வேண்டாம். இந்த விளையாட்டால கஞ்சா, அடிதடின்னு போகாம நின்ன பசங்களை எனக்குத் தெரியும். ராத்திரி பஸ்ல பயமில்லாம வர்ற பொண்ணுங்களைத் தெரியும். தடை போட்டா மண்டபத்துல நடக்கறது மாந்தோப்புல நடக்கும், டார்ச் அடிக்கக்கூட ஆள் இருக்காது.

ஜல்லிக்கட்டைப் பாருங்க. 2017 சட்டத்துக்கு அப்புறம் கலெக்டர் அனுமதி, தடுப்பு, வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் விதியில வந்துச்சு. நானே ஒரு வாடிவாசலுக்கு போஸ்டிங் போயிருக்கேன். காலையில ஆறு மணிக்கே டியூட்டி ஆர்டர் கையில, சிவப்பு மூட்டை, ஸ்ட்ரெச்சர். நாங்க வேண்டாம்னு சொன்ன வீரர் உள்ள போகலை, எவ்வளவு கெஞ்சினாலும். எல்லா சாவையும் தடுக்க முடியலை, உண்மைதான். ஆனா யார் பொறுப்புன்னு ஒரு ஃபைல் இருக்கு. மாடு பிடிக்கற பையனுக்கு இருக்கற இந்த ஏற்பாடு, மண்டபத்துல தலையில உதை வாங்கற பையனுக்கு ஏன் இல்லை?

என் சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சால்வைக்கு உட்காராதீங்க. உட்கார்ந்தா முந்தின நாளே போய் பசங்களை நிதானமா பாருங்க. பக்கத்துல சிடி எங்க இருக்கு, நியூரோசர்ஜன் எந்த ஊர்ல, போக எத்தனை நிமிஷம்னு எழுதி வெச்சுக்குங்க. அறுபது கிலோமீட்டர்னா ரிங் போட்டி வேண்டாம்னு சொல்லுங்க. ஏ.ஆர். போடும்போது பயிற்சியாளரை வெளிய அனுப்பிட்டு பையன்கிட்ட தனியா கேளுங்க. "பாத்ரூம்ல விழுந்தேன்"னு சொல்றவன் ரெண்டு காதுலயும் வீக்கத்தோட வந்திருப்பான்.

மாஸ்டர், இதைப் படிப்பீங்கன்னு தெரியும். மனுவில் நாலு விஷயம் சேருங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கணும், அது அடிபட்டவனை ஏத்திட்டுப் போனா அடுத்தது வர்ற வரைக்கும் போட்டி நிக்கணும். டாக்டர் வேண்டாம்னா வேண்டாம், மேடையில இருக்கற சிறப்பு விருந்தினர் உட்பட யாரும் பேசக்கூடாது. நாக்-அவுட் ஆனவங்க பேர் எல்லா சங்கத்துக்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் அன்னிக்கே ஏறணும், அதுல பேர் இருக்கறவனை யாரும் ஏத்தக்கூடாது. ஒவ்வொரு பையனுக்கும் இன்சூரன்ஸ். நுழைவுக் கட்டணம் வாங்கறீங்கல்ல, அதுலருந்தே கட்டலாம்.

நீங்க போன வாரம் கேட்டப்ப நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன், "போன வருஷம் உங்க போட்டிகள்ல எத்தனை பேர் நாக்-அவுட் ஆனாங்க?"ன்னு. "அதெல்லாம் கணக்கு வெக்கலை சார்"னீங்க. எத்தனை மெடல்னு கேட்டிருந்தா தங்கம், வெள்ளி, வெண்கலம் பிரிச்சுச் சொல்லியிருப்பீங்க.

கணக்கு வெச்சு, அந்த நாலு வரியும் சேர்த்து மனுவைத் திருப்பி அனுப்புங்க. முதல் கையெழுத்து என்னுது. பதிவு எண்ணோட போடுறேன்.

டூட்டிக்கு நேரமாச்சு. கமென்ட்ல திட்டறவங்களுக்கு நாளைக்குத்தான் பதில். உங்க வீட்டுப் பையன் இன்னிக்கு ஸ்பாரிங்ல அடி வாங்கிட்டு வந்து தலைவலி, வாந்தின்னு சொன்னா கமென்ட்ல கேட்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. என்ன நடந்துச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க.