பதினாறு வயதுக்குமேல் பென்சில் பிடிக்கலாமா?

முதலாண்டில் நான் ஒப்படைத்த தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு படம்கூட என் கையால் வரைந்ததன்று. இதை நம் கல்லூரி மலரில் எழுதச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது, எனினும் எழுதிவிடுகிறேன். படத்துக்கு 20 ரூபாய் என்று பேசி, ஊரில் ஒருவரிடம் வரைந்து வாங்கினேன். அந்தப் பணம் கொத்தனாரான என் தந்தையின் கூலியிலிருந்து வந்தது. என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் என்பதை என் வகுப்புத் தோழர்களே அறிவர்.

சோம்பல் காரணமன்று. எனக்குப் படம் வராது என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஓவியப் பாடவேளை எல்லாம் கணக்குப் பாடவேளையாக மாறிவிட்ட பள்ளியில் படித்தவனுக்கு வேறென்ன நம்பிக்கை வரும்?

சென்ற மே விடுமுறையில், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் பெரியவர்களுக்கென மாலை வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மாதம் 300 ரூபாய். மொத்தம் ஒன்பது பேர்: தையற்கடைக்காரர், நகைப்பட்டறை ஆசாரி, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பேரனைச் சேர்க்க வந்து தாமே உட்கார்ந்துவிட்ட ஒரு பாட்டி, இப்படி. முதல் நாள் மாஸ்டர் எங்கள் முன் வைத்தது ஒரு கத்தரிக்காய். ஒரு வாரம் முழுவதும் கத்தரிக்காய்தான்! "தம்பி, நீ உனக்குத் தெரிஞ்ச கத்தரிக்காயை வரையிற. எதிரே இருக்கிறதைப் பாரு" என்பார்.

இரண்டாம் வாரம் நூலில் சிறு கல்லைக் கட்டிக் கொடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொங்கவிட்டு, குடத்தின் விளிம்புக்கு நேர்கீழே எது வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்பாவின் தூக்குக்குண்டேதான் அது. அன்றிரவு அவரிடம் சொன்னேன். "இதுக்கா முந்நூறு ரூபா?" என்று சிரித்தார். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்து, என் குடம் இடப்புறம் சாய்ந்திருப்பதைக் காட்டினார். மாஸ்டரே கவனிக்காத சாய்வு அது. என் படிப்பைப் பற்றி நாங்கள் இருவரும் அரைமணி நேரம் பேசியது அன்றுதான் முதல் தடவை.

கல்லூரி திறந்தபின் டிரைடாக்ஸ் தண்டின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து நானே வரைந்தேன். சுவரிலுள்ள சார்ட்டில் அது அழகான வட்டம். என் கண்ணாடித் துண்டிலோ ஒரு பக்கம் நசுங்கிய வட்டம், சாற்றுக்குழாய்க் கற்றைகளில் சில பெரியவை, சில சிறியவை. உள்ளபடியே வரைந்தேன். மதிப்பெண் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் அந்தத் தண்டு இன்றும் கண்முன் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய படங்களில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.

கைப்பேசியில் படமெடுக்கும் காலத்தில் கோடு போடுவானேன் என்று கேட்கும் பேராசிரியர்களும் உண்டு. கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிவு செய்துவிடுகிறது. வரைபவனோ எது முக்கியம், எது எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். தென்னிந்தியச் செடிகளை ஆராய்ந்த மருத்துவர் இராபர்ட் வைட்டுக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார் வைட். அப்பேரினம் பின்னர் வேறொன்றில் சேர்க்கப்பட்டுவிட்டது, அது வேறு கதை. இப்பெயர்களை நம் பாட வகுப்பில் நான் கேட்டதில்லை.

சவகர் சிறுவர் மன்றங்களில் அரசு ஓவியம் கற்பிக்கிறது, நல்ல பணி. ஆனால் அது ஐந்து முதல் பதினாறு வயது வரையினருக்கு. அந்த வயதில் தந்தையோடு சாந்துச் சட்டி தூக்கியவன் எங்கே போவது? இலண்டனில் தொழிலாளர் கல்லூரி 1854-இல் தொடங்கியபோது, ஜான் ரஸ்கின் என்ற பெரும் கலை விமர்சகர் உழைப்பாளிகளுக்கு அங்கே மாலை வேளையில் ஓவியம் கற்பித்தார். தச்சனை ஓவியனாக்குவதன்று, தச்சனாகவே அவன் மகிழ்ந்திருக்கச் செய்வதே தம் நோக்கம் என்றார். 1857-இல் அவர் எழுதிய பயிற்சி நூலில் வீட்டுக்கு வெளியே கிடக்கும் உருண்டைக் கல்லை வரையச் சொல்கிறார். எங்களுக்குக் கத்தரிக்காய், அவ்வளவே வேறுபாடு.

நம் தாவரவியல் ஆய்வகம் மாலையில் பூட்டியே கிடக்கிறது. வெளிச்சம் இருக்கிறது, உயரமான மேசைகள் இருக்கின்றன, செடிகளுக்கும் பஞ்சமில்லை. வாரம் இரு மாலைகளும், மே மாதம் முழுவதும் அதைத் திறந்துவிட முதல்வர் அவர்கள் மனம் வைக்க வேண்டும். மாணவர்களுக்கு மட்டுமின்றி ஊராருக்கும் இடமிருக்கட்டும். மாஸ்டர் வரச் சம்மதித்துவிட்டார். இதுவரை நால்வர் என்னிடம் பெயர் கொடுத்திருக்கின்றனர். அவர்களில் ஒருவர் நம் ஆய்வக உதவியாளர்.