சீல் பிரிக்காத ரெக்கார்டு யாருக்காக?

இழை கொஞ்சம் நீளம். இன்னிக்கு மருத்துவம் கம்மி, சண்டை ஜாஸ்தி. பொறுத்துக்கோங்க.

பழைய ஹார்ட்கோர் பங்க் ரெக்கார்டைத் தேடிப் பிடிச்சு வாங்கி, ஒரு தடவைகூட ஊசி வைக்காம, "விலை ஏறட்டும்"னு பீரோவுல பூட்டி வைக்கிறவங்களுக்குத்தான் இது. நானும் அப்படி இருந்தவன். அந்த உரிமையில திட்டுறேன்.

தெரியாதவங்களுக்கு: 1980 வாக்குல அமெரிக்காவுல சின்னப் பசங்க கிளப்பிவிட்ட இசை. ஒண்ணு, ஒண்ணரை நிமிஷப் பாட்டு. பேய் வேகம், கத்தல். "இதெல்லாம் ஒரு பாட்டா டாக்டர்?"னு எங்க வீட்லயே கேக்குறாங்க. மைனர் த்ரெட்னு ஒரு குழு 1981ல போதை எனக்கு வேணாம்னு ஒரு பாட்டுப் போட்டாங்க. மொத்தமே 46 விநாடி. அதையே நான் ஓபியில பத்து நிமிஷம் சொன்னாலும் எவனும் கேக்க மாட்டேங்கிறான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வாஷிங்டன்ல டீன் ஐடில்ஸ்னு பள்ளிக்கூடப் பசங்க குழு ஒண்ணு. குழு கலைஞ்சப்ப, கச்சேரியில சேர்ந்த காசைப் பங்கு போட்டுக்கல. 1980ல அதை வெச்சு 1,000 ரெக்கார்டு போட்டாங்க. அட்டையை அவங்களே வெட்டி, மடிச்சு, பசை போட்டு ஒட்டினாங்க. அப்படிப் பிறந்ததுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். (செல்போன் ஆப் இல்லீங்க, அது வேற.) அதை நடத்தின இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் பின்னாடி அட்டையிலயே விலையை அச்சடிச்சாங்க. கடையில யாரும் கூட்டி விக்கக் கூடாதுன்னு. இங்கிலாந்துல க்ராஸ் குழுவும், இந்த விலைக்கு மேல குடுக்காதீங்கன்னு அட்டையிலயே போட்டாங்க.

அந்த 1,000ல ஒண்ணுக்கு இன்னிக்குப் போற விலையில ஓசூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் எடுக்கலாம். கையில பசை ஒட்டிக்கிட்டு செஞ்ச பொருளை நாம பங்குச்சந்தை ஆக்கிட்டோம்.

"உனக்கென்ன, டாக்டர், காசு இருக்கு"ன்னு சொல்வீங்க. அதனாலதான் இந்தக் கதை. (அனுமதி வாங்கி, அடையாளம் மாத்தித்தான் எழுதுறேன்.)

சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்ல கான்ட்ராக்ட் வேலை பாக்குற பையன். காதுக்குள்ள ராத்திரியெல்லாம் 'ங்ங்'னு சத்தம்னு வந்தார். கேட்புத் திறன் சோதனை எடுத்தா 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட அழகா ஒரு பள்ளம். இரைச்சலால காது கெட ஆரம்பிச்சா பெரும்பாலும் அங்கதான் முதல்ல தெரியும். நம்ம தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைக்கும் விடுது. அமெரிக்காவுல தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 போதும்ங்குது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்கணும்ங்குது. பிரஸ் அடிக்கிற ஆளுக்கு இதை யார் சொல்றா? காதடைப்பான் கட்டாயம் போடுங்க. இதுக்குத் தனியா எழுதுறேன்.

எழுந்திருக்கும்போது அவர் ஹெல்மெட்டைப் பாத்தேன். மார்க்கர்ல வரைஞ்ச நாலு கறுப்புக் கட்டை. பிளாக் ஃபிளாக் குழுவோட சின்னம்! ஓசூர்ல! நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். போன்ல கேட்டுப் பழகினவராம். ஒரு ஞாயித்துக்கிழமை ஜுஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய், ஒரு சின்னக் கடையில 1981ல வந்த 'டேமேஜ்ட்' ஆல்பத்தைப் பாத்திருக்கார். பழசு. "விலை கேட்டேன் சார். ஒரு வாரச் சம்பளம். திருப்பி வெச்சுட்டேன்."

கடைக்காரர் மேல தப்பில்லைங்க. வாடகை கட்டணும், வெளிநாட்டுச் சரக்குக்கு வரி கட்டணும். எந்த விலை சொன்னாலும் வாங்கிட்டுப் போற நம்ம மாதிரி ஆளுங்கதான் அந்த விலையை ஏத்திவிட்டோம்.

"நாங்க பாதுகாக்கிறோம்"னு ஒரு வாதம் வரும். என்னத்தப் பாதுகாக்கிறீங்க? கடைசி வரைக்கும் பிரிக்காத சுருக்கு பிளாஸ்டிக், இழுத்துப் பிடிச்சே தட்டை வளைச்சுடும். மலிவான பிவிசி உறை, தட்டு மேல மங்கல் படிய வைக்கும். நம்ம கிருஷ்ணகிரி வெயில்ல படுக்கை வாக்குல அடுக்கி வெச்சா அப்பளம்தான். (போற போக்குல: பழைய 78 அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, கரைஞ்சிடும். எங்கிட்ட இருந்து திருடின பஞ்சுன்னாலும் சரி.)

தரம் போடுறதே ஒரு காமெடி. "வெரி குட்"னா கீறல். "குட்"னா 103 டிகிரி காய்ச்சல். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு காயலான் கடையில 'அன்னக்கிளி' ரெக்கார்டு வாங்கினேன். அட்டையில பெயின்ட்ல சவுண்ட் சர்வீஸ் பேரு. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை மாரியம்மன் பண்டிகை ஓடியிருக்கும்! கரகரன்னுதான் பாடுது. தரப்பட்டியல்ல அதுக்கு இடமே இல்ல. எங்கிட்ட இருக்கிறதுலயே விலை மதிப்பான தட்டு அதுதான், விக்க மாட்டேன்.

பாட்டுதான் வேணும்னா மைனர் த்ரெட் பாட்டெல்லாம் டிஸ்கார்ட் இன்னும் மறுபதிப்பு போட்டுக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்கு வேணுங்கிறது முதல் பதிப்புங்கிற பெருமை. அதுக்கு நகை வாங்குங்க, நிலம் வாங்குங்க. பழைய ரெக்கார்டுக் கடையைப் பசங்களுக்கு விட்டுடுங்க.

அந்தப் பையன்கிட்ட அன்னிக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரல. 'டேமேஜ்ட்' எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு சீல் பிரிக்காதது.

அடுத்த தடவை வந்தப்ப அவர் கையாலேயே பிரிக்கச் சொன்னேன். வீட்ல பிளேயர் இல்லையாம். ஞாயித்துக்கிழமை கிளினிக் மூடினதும் எங்க வீட்டுக்கு வர்றார். வால்யூம் மட்டும் நான் வைக்கிறதுதான்.