கிணற்றில் போட்டது மருந்தா, சுண்ணாம்பா?

ஐப்பசி மழையில் கம்பத்தில் எங்கள் வீட்டுக் கிணறு மளமளவென்று ஏறிவிடும். சித்திரையில் 1 மீட்டர் தண்ணீருக்குப் போட்ட அதே கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத்தான் 4 மீட்டர் தண்ணீருக்கும் வீசிக்கொண்டிருந்தேன். பேரனுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

குறுக்களவு 3 மீட்டர் என்றால் 4 மீட்டர் தண்ணீர் சுமார் 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 70 கிராம். கலங்கல் தண்ணீருக்கு இன்னும் கூடுதல். அதுவும் புதுப் பவுடராக இருக்கவேண்டும். வாய் திறந்து கிடந்த என் பொட்டலத்தில் குளோரின் பறந்துபோய் மிஞ்சியது வெறும் சுண்ணாம்பு! வருஷக்கணக்கில் அதைத்தான் மருந்தென்று நம்பியிருக்கிறேன்.

தூளை அப்படியே வீசுவதும் தப்பு. வாளியில் கரைத்து, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரமாவது இறைக்கக்கூடாது. நான் ராத்திரியில்தான் செய்கிறேன்.

காலையில் லேசாக வாடை அடிக்கும். வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். குடத்தில் பிடித்து, மெல்லிய துணி கட்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் போய்விடும்.