புகையை மட்டும் அளக்கும் அரசு

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறும் பாதையில் பழைய லான்ட் ரோவர் ஒன்று போனால் பார்ப்பவர்கள், "அந்தக் காலத்து இரும்பல்லவா!" என்று வியக்கிறார்கள். அந்த வியப்புத்தான் விற்பவரின் மூலதனம். 1948 இல் அறிமுகமான அவ்வாகனத்தின் மேலுடல் இரும்பே அல்ல, அலுமினியக் கலவை. போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடு அதற்கொரு காரணம். உருக்கால் ஆனது அடியிலுள்ள செஸி. பெட்டிபோல் ஒட்டப்பட்ட அதனுள் சேறும் நீரும் புகுந்து, துரு உள்ளிருந்தே தின்னும். மேலே புதுப் பூச்சு மின்னும். கீழே எலும்பு உளுத்திருக்கும்.

மேலைநாடுகளில் பாகங்களை வாங்கித் தாமே பூட்டும் வாகனத்தைக் 'கிட் கார்' என்பர். 1957 இல் வந்த லோட்டஸ் செவன் அவற்றுள் புகழ்பெற்றது. நம்மிடையே அந்தப் பெயர் இல்லை. பொருள் தாராளமாக உண்டு. ஒன்றின் இலக்கத் தகடு, இன்னொன்றின் செஸி, மூன்றாவதிலிருந்து கழற்றிய ஜப்பானிய டீசல் எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழையவற்றின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் வரி பாமரனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ஆகவே வாங்குபவருக்குச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்திலுள்ள செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் தேடி ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி ஒட்டுவேலைத் தழும்பு இருந்தால் விலையே பேசாதீர்கள். கீழே படுத்துச் செஸியைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல உருக்கு கணீரென்னும், உளுத்தது மந்தமாய் முனகும். எஞ்சின் மாறியிருந்தால் பிரேக்கும் அதற்கேற்ப மாறியதா என்று கேளுங்கள். வலு கூடிய வண்டியைப் பழைய டிரம் பிரேக் இறக்கத்தில் நிறுத்துமா என்பதை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து அறிய முடியாது. இவற்றைப் பார்க்க விடாத விற்பனையாளர் தம் பதிலைச் சொல்லிவிட்டார்.

ஆனால் இது வாங்குபவரின் தலையெழுத்து மட்டும்தானா? பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம், தனியார் காருக்கு ஆண்டுதோறும் கேட்பது காப்புறுதியும் புகைச் சான்றிதழும்தான். அரசு புகையை அளக்கிறது, பிரேக்கைத் தொடுவதில்லை. பிரித்தானியாவிலோ கையால் பூட்டிய காரைத் தனியாகப் பரிசோதித்து அங்கீகரித்த பிறகே பதிவு செய்கிறார்கள்.

"பரிசோதனை வந்தால் சிறிய கராஜ்காரன் பிழைப்பான்?" என்கிறார்கள் சிலர். பிழைப்பான், நன்றாகவே பிழைப்பான். இன்று ஒழுங்காக ஒட்டுபவனின் வேலையும் துருவின் மேல் பூச்சடிப்பவனின் வேலையும் ஒரே விலைக்குப் போகின்றன. சான்றிதழ் வந்தால் நல்ல கைக்கு மதிப்பு வரும். நட்டப்படப் போகிறவன் ஏமாற்றுக்காரன் ஒருவனே.

பழைய ஜீப் வைத்திருப்பது தனி மனிதரின் விருப்பம்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் மோதப்படுபவர் கொழுந்துக் கூடையோடு ஓரமாய் நடக்கும் தோட்டத் தொழிலாளியாகவும் இருக்கலாம், பாடசாலை விட்டு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர்கள் அந்த வண்டியை வாங்கவில்லை, விலை பேசவுமில்லை. அவர்கள் சார்பில் செஸியைத் தட்டிப் பார்க்க வேண்டிய கை அரசின் கைதான்.